சவுண்டண்ணனின் காது

என் அக்காவின் கணவரை, அவர் வேலை பார்க்கும் இசை கிளப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசலில் டிக்கெட் கிழிப்பவர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் சவுண்டண்ணன்தான். டயர் கடைக்கு அடியில் உள்ள நிலவறை அது. தாழ்ந்த கூரை, கறுப்புச் சுவர், நூற்றெண்பது பேர் நிற்கலாம். பத்தொன்பது வயதில் அங்கே ஸ்பீக்கர் பெட்டி தூக்கப் போனவர், சில வருடங்களில் ஒலியைச் சரிசெய்யும் மிக்ஸர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. நிகழ்ச்சி இல்லாத நாட்களில் வீட்டு முன்னறையில் ஆம்ப்ளிபயர் பழுது பார்ப்பார். வேறு வேலை தெரியாது, தேடியதும் இல்லை. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால், "மூக்கப் பொத்திக்கிட்டுச் சமைக்கச் சொல்றியா?" என்பார்.

மூன்று வருடமாக அக்காவுக்கு ஒரு சந்தேகம். சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு கீச்சிட்டுக்கொண்டே இருக்கும், இவர் பக்கத்திலேயே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். மகள் சன்னக் குரலில் மூன்று தரம் கூப்பிட்டால் ஒரு தரம் திரும்புவார்.

"ஏங்க, அது கத்துறது காதுல விழலையா?"

"நீ கத்துறதுல அது எங்க விழும்?"

இப்படிச் சிரித்தே தள்ளிவிடுவார். காது போனால் நாற்காலியும் போகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் பேச்சு அதற்கு மேல் நகராது.

அந்தச் சனிக்கிழமை அக்கா என் கையில் ஒரு டிக்கெட்டைத் திணித்தாள். "நான் போனா வேவு பாக்க வந்தேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. நீ பாட்டு கேக்குற மாதிரி போயிட்டு வா."

அன்று பாடியது, எந்தப் பெரிய இசைக் கம்பெனியையும் சேராமல், தாங்களே பாட்டெழுதிப் பாடும் நாலு பேர் குழு. டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று கதவில் தாள் ஒட்டியிருந்தது. நான் போனபோது மணி நாலு. காலி அறையில் கருவிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார் அத்தான். பாடகி மைக்கிலிருந்து விலகித் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

"சிம்பல் ரொம்பக் குத்துதுண்ணா."

"காலி ஹால்மா. நூத்தியெம்பது உடம்பு வந்து நின்னா பாதிய உறிஞ்சிரும்."

அது உண்மைதான். கூட்டம் நிறைந்தால் கூர்மையான ஒலிகள் மழுங்கும், ஆகவே முன்கூட்டியே கொஞ்சம் தூக்கலாக வைத்துக்கொள்வார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

ஆறரைக்கு ஆரம்பித்தது. நான் மேஜையை ஒட்டி நின்றேன். பேஸ் கிட்டாரின் அதிர்வு தரை வழியாக முழங்காலுக்கு ஏறியது. அதற்கு மேலே, டிரம்ஸின் பித்தளைத் தட்டான சிம்பலில் ஒவ்வொரு அடி விழும்போதும் காதுக்குள் ஊசி இறங்கியது. முன்வரிசையில் சிலர் விரலால் காதை அடைத்தார்கள். பின்னால் போகலாமென்றால் கால் வைக்க இடமில்லை. அன்றைக்கு நாற்காலியில் உட்காராமல் நின்றே இருந்த அத்தான் எட்டிப் பார்த்தார்.

"கூட்டம் ஜாஸ்தி. சிம்பல் எடுபடல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கூர்மையான ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருகினார்.

அடுத்த பாட்டில் பாதிப் பேர் காதைப் பொத்தியிருந்தார்கள். பாடகி பாடிக்கொண்டே எங்களைப் பார்த்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்திக் காட்டினாள். அத்தான் மொத்தச் சத்தத்தையும் குறைத்தார். பாட்டு சின்னதானது, ஊசி அப்படியே இருந்தது. பொத்திய கைகள் இறங்கவில்லை. அவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டலின்போது என் பக்கம் குனிந்தார்.

"உண்மையச் சொல்லு. குத்துதா?"

"குத்துது அத்தான்."

"எப்பலேர்ந்து?"

"முதல் பாட்டுலேர்ந்தே."

அவர் என் கையை எடுத்து அந்தக் குமிழின் மேல் வைத்தார். "குத்தாத இடம் வந்ததும் நிறுத்து."

அடுத்த பாட்டு தொடங்கியது. இடப்பக்கமாகத் திருகினேன். தயங்கித் தயங்கித்தான் திருகினேன். அவர் என் விரலைப் பார்க்கவில்லை, மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்மர் கை ஓங்கித் தட்டை அடிப்பதும் தட்டு ஆடுவதும் அவருக்குத் தெரிந்தது. ஒரு கட்டத்தில் அவர் முகம் லேசாக முன்னால் நீண்டது, அடுத்த அறையில் யாரோ பேசுவதைப் பிடிக்கப் பார்ப்பவரைப் போல. அவருக்குத் தட்டின் ஒலி நின்றுபோன அந்த இடத்தில்தான் எனக்கு அது இதமாக இருந்தது. முன்வரிசையில் கைகள் இறங்கின. யாரோ ஆடத் தொடங்கினார்கள். மீதி ஒன்பது பாட்டும் குமிழ் என்னிடமே இருந்தது.

கூட்டம் வெளியேறியதும் முதலாளி வந்து அவர் தோளைத் தட்டினார்.

"ஆரம்பத்துல பயந்தே போயிட்டேன். அப்புறம் பாருங்க, கை பேசுச்சு."

"என் கை இல்ல சார். இவ காது."

முதலாளி சிரித்தார். "மச்சினிக்கு ட்ரெய்னிங்கா?"

"எனக்குச் சிம்பல் கேக்கல சார்."

முதலாளியின் கை தோளிலிருந்து இறங்கியது. நான் தரையில் கிடந்த டிக்கெட் துண்டுகளைப் பார்த்தேன்.

"எத்தனை நாளா?"

"தெரியல. தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா?" என்றவர், மேஜையின் சுவிட்சை அணைத்துவிட்டு, "தெரியும். வீட்ல மூணு வருஷமா சொல்றாங்க. நான்தான் மக குரல் சரியில்லைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்," என்றார்.

"அடுத்த சனிக்கிழமைக்கும் டிக்கெட் வித்தாச்சேண்ணே."

"வேற ஆளப் பாருங்க. ரெண்டு வாரம் பக்கத்துல இருந்து, ஹாலப் பத்திச் சொல்லிக் குடுக்கறேன். காதுதான் போச்சு, ஹால் தெரியும்."

முதலாளி தலையாட்டினார். ஏதோ கேட்க வாயெடுத்து, "அப்புறம் நீங்க?" என்றார்.

அத்தான் மேஜைக்கு அடியிலிருந்து வயரை இழுத்து முழங்கையில் சுற்ற ஆரம்பித்தார். பாதி சுற்றியதும் நிறுத்தி, ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"அப்புறம்னு இன்னும் யோசிக்கல சார். காலைலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேன்."