கரும்பலகையில் வரைந்த இஞ்சின்

அந்த வருடம் நான் படிப்பிக்கத் தொடங்கிப் பதினெட்டு வருடங்கள் முடிந்திருந்தன. காலையில் முருங்கனில் பஸ் ஏறி மன்னாருக்குப் போவேன். உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்துவிட்டுப் பிற்பகல் திரும்பி வருவேன். மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியைக் கடக்கும்போது பெரும்பாலும் நித்திரையாகிவிடுவேன்.

அப்போதுதான் எங்கள் பாடசாலைக்குத் தொழிற்பிரிவு வந்தது. சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பிள்ளைகளும் மேல்வகுப்புக்கு வரலாம், அவர்களுக்குக் கையால் செய்து பழகும் பாடங்கள் இருக்கும் என்றார்கள். எங்களுக்குக் கிடைத்தது மீன்பிடிப் படகுகளின் இஞ்சின் திருத்தும் பாடம். அதைப் படிப்பிக்க ஆளும் வரவில்லை, சாமான்களும் வரவில்லை. அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

“ஆள் வருமட்டும் நீங்கள் பாருங்கோ ரீச்சர். கணிதம் தெரிஞ்ச உங்களுக்கு இது பெரிய விசயமே?”

மறுப்பதானால் நிறையப் பேசவேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் தெம்பு இருக்கவில்லை. ஓம் என்றேன்.

விஞ்ஞான கூடத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் பதினொரு பிள்ளைகள். கீழே மணல்தரை, மேலே வெயில் காய்ச்சிய தகரம். ஒரு கைநூலைப் பார்த்து இஞ்சினின் பகுதிகளைக் கரும்பலகையில் வரைவேன். அவர்கள் கொப்பியில் வரைவார்கள். இஞ்சினைக் காணாமலே இஞ்சின் படித்தோம்.

அதில் ஒருத்திதான் பெண்பிள்ளை. தீவின் வடகரையில் ஒரு மீனவக் கிராமத்துப் பிள்ளை. தகப்பனுக்குச் சொந்தமாக ஒரு மீன்பிடிப் போட்டும் இஞ்சினும் இருந்தன. கணிதத்தில் மூன்று தரம் தவறியவள். முன்பு சாதாரண தரத்தில் அவளுக்குக் கணிதம் படிப்பித்ததும் நான்தான். அந்த வகுப்பில் ஒரு நாளும் அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. இங்கே இரண்டாம் கிழமையே, எண்ணெயையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரை நான் வரைந்தபோது, எழும்பி நின்றாள்.

“ரீச்சர், அந்தக் கிண்ணம் மேல வராது. கீழதான் இருக்கும். தலைகீழாக் கீறிப்போட்டியள்.”

எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. களைப்பாக இருந்தது. சோக்கட்டியை அவளிடம் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். அவள் கையை எடுக்காமல் வரைந்தாள். அதற்குப் பிறகு படம் வரைவது அவளுடைய வேலையாகிவிட்டது.

ஒரு நாள் கேட்டேன். “பிள்ளை, அப்பாட்ட கேட்டு உங்கட இஞ்சின்ர காபரேட்டரை ஒருக்காக் கொண்டு வாருமன். எல்லாரும் கழட்டிப் பார்க்கலாம்.”

காற்றுக் கடுமையாக அடித்து, யாரும் தொழிலுக்குப் போகாத ஒரு நாளில் அதைப் பழைய பாவாடையில் சுற்றிக்கொண்டு வந்தாள். தகப்பனிடம் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. மேசையைச் சுற்றிப் பதினொரு தலைகளும் குனிந்திருந்தன. அவள் ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, இது எதற்கு, அது எதற்கு என்று சொல்லிக்கொண்டு போனாள். கணித வகுப்பில் கடைசி வாங்கில் இருந்த பிள்ளை இவள்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணெயை அளவாக விடும் சின்ன ஊசி ஒன்று யாருடைய கையோ தட்டி மணலில் விழுந்தது. அரைத் தீக்குச்சி அளவுதான் இருக்கும். ஆசிரியர் அறையிலிருந்து தேத்தண்ணி வடியைக் கொண்டுவந்து மணலை அரித்தார்கள். கிடைக்கவில்லை. மணி அடித்தது. என் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணித்தியாலம் நிற்கவேண்டும்.

“தேடுங்கோ. இல்லாட்டி நாளைக்குப் பாப்பம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவள் முழங்காலில் இருந்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் காற்று அடங்கி எல்லாப் போட்டுகளும் கடலுக்குப் போயின. ஊசி கிடைக்காததால் அவளுடைய தகப்பன் மட்டும் கரையில் நின்றார். எட்டு மணிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு அதிபரின் அறைக்கு வந்துவிட்டார். அதிபர் என்னையும் கூப்பிட்டனுப்பினார்.

“படிக்கவெண்டுதான் அனுப்பினனான் சேர்” என்றார் தகப்பன். “இஞ்சின் கழட்டுறதெண்டா என்ர வளவுக்குள்ளயே கழட்டியிருக்கலாமே.”

அதிபர் அவளைப் பார்த்தார். “ஆரைக் கேட்டு இதைக் கொண்டு வந்தனீர்?”

அவள் என் பக்கம் திரும்பவில்லை. “நானாத்தான் கொண்டு வந்தனான் சேர்.”

என் கையில் உயர்தர வகுப்பின் வரவைப் பதியும் இடாப்பு இருந்தது. வாயைத் திறந்தால் விளக்கம் சொல்லவேண்டும், பிறகு எழுத்தில் கொடுக்கவேண்டும். நான் பேசாமல் நின்றேன். சாமான்கள் வரும்வரை செய்முறை எதுவும் வேண்டாம் என்று அதிபர் உத்தரவு போட்டார். அவள் தகப்பனோடு போனாள்.

ஒரு கிழமை அவள் வரவில்லை. கொட்டகையில் நான் மறுபடியும் கரும்பலகையில் வரைந்தேன். சரியா பிழையா என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

சனிக்கிழமை அவளுடைய வீட்டுக்குப் போனேன். தகப்பன் முற்றத்தில் போட்டின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, “ரீச்சருக்குக் கதிரை கொண்டு வாங்கோ” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். நான் இருக்கவில்லை.

“அண்ணை, அதைக் கொண்டுவரச் சொன்னது நான்தான்.”

அவர் கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தார். “தெரியும் ரீச்சர். ஊசி துலைஞ்ச அண்டைக்கே பிள்ளை சொன்னவ. சேரின்ர அறையில நீங்கள் சொல்லுவியளோ எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

ஊசிக்கான காசை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன்.

“புது ஊசி வாங்கிப் போட்டாச்சு. அது பரவாயில்லை” என்றார் அவர். “கடலும் எண்ணெயும் என்னோட போகட்டும். இவ ஒரு கந்தோரில மேசைக்கு முன்னால இருந்து வேலை செய்யவேணும். எப்பிடியாவது அந்தக் கணிதத்தை எடுக்கப் பண்ணுங்கோ.”

“நானும் படிப்பிச்சுப் பாத்தனான் அண்ணை. என்னால ஏலாமப் போச்சு.”

கதவடியில் கதிரையோடு நின்ற அவள் சொன்னாள், “நான் இஞ்சின் வகுப்புக்குத்தான் வருவன்.”  தகப்பன் தகட்டை எடுத்து மறுபடியும் சுரண்டத் தொடங்கினார்.

திங்கட்கிழமை அதிபரிடம் நடந்ததைச் சொன்னேன். “முடிஞ்ச கதையை இப்ப ஏன் ரீச்சர் கிளறுறியள்?” என்று கேட்டுவிட்டு மேசையில் கிடந்த வேறொரு கோவையை விரித்தார். செய்முறைக்குப் போட்ட தடை அப்படியே இருந்தது. அவள் வந்தாள். கொப்பியில் படம் வரைந்தாள். ஆனால் என்னைத் திருத்துவதை நிறுத்திவிட்டாள். நான் கரும்பலகையில் வரைந்தது பிழை என்று தெரிந்தாலும் தன் கொப்பியில் மட்டும் சரியாக வரைந்துகொள்வாள்.

இரண்டாம் வருடம் அவளைப் பயிற்சிக்காகப் பட்டினத்தில் இஞ்சின் திருத்தும் இடமொன்றுக்கு அனுப்பினோம். பொம்பிளைப் பிள்ளை என்று நாலு மாதம் பற்றுச்சீட்டு எழுத வைத்தார்கள். ஒரு மெக்கானிக் வெளிநாடு போன பிறகுதான் நட் கழற்றும் சாவியைக் கையில் கொடுத்தார்கள். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

சில வருடங்களின் பின் மீன் வாங்கப் போன வழியில் அவளைக் கண்டேன். அவள் வேலை செய்த கடை வாசலில் ஒரு இஞ்சினுக்கு முன்னால் குந்தியிருந்தாள். முழங்கைவரை கறுப்பு எண்ணெய். எழும்பிச் சிரித்தாள்.

“அப்பா சுகமே?” என்று கேட்டேன்.

“ஓம் ரீச்சர். இஞ்சின் பழுதெண்டா இஞ்சதான் கொண்டு வருவார். ஆனா என்னட்டத் தரமாட்டார். மற்றப் பெடியனிட்டத்தான் குடுப்பார்.”

அந்தக் காலையில் அதிபரின் அறையில் பேசாமல் நின்றதைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “வாறன் ரீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் மீன் வாங்க நடந்தேன்.