அக்கா உள்ளே போகாத கேட்

அக்கா இல்லாத ஓராண்டைக் கடந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். நீதான் நல்லாப் பேசுவியே என்றார்கள். நான் பேசி என்ன ஆனது என்று தெரிந்தவர்களே அப்படிச் சொன்னதுதான் ஆச்சரியம்.

அக்கா பிறந்தது காடாம்புலியூரில், அம்மாவின் தாய்வீட்டில். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை பெர்மனென்ட் ஆனதும் கைக்குழந்தையாக நெய்வேலிக்கு வந்தார். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தார். என்னைவிட நன்றாகப் படித்தார். அது பெரிய பாராட்டு இல்லை என்பது என்னோடு படித்தவர்களுக்குத் தெரியும்.

அப்பா சர்வீசில் இருக்கும்போதே காலமானார். குடும்பத்தில் ஒருவருக்கு வாரிசு வேலை உண்டு. மூத்தவர் அக்கா, படித்தவர் அக்கா. ஆம்பிளப் பிள்ளை இருக்கும்போது பெண்ணுக்கு எதற்கு என்று உறவில் பேச்சு வந்தது. அக்கா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. நானும் மறுக்கவில்லை. வேலை எனக்கு வந்தது, குவார்ட்டர்ஸ் எனக்கு வந்தது, அக்காவையும் அம்மாவையும் காப்பாற்றுகிறவன் என்ற நல்ல பெயரும் எனக்கே வந்தது. உண்மையில் அம்மாவைக் கடைசிவரை தூக்கி உட்காரவைத்துப் பார்த்தவர் அக்கா. என் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் அக்கா. தனக்கு வரன் வந்தபோதெல்லாம், தம்பிக்கு முடியட்டும் என்று தள்ளினார். தம்பிக்கு முடிந்தது. அப்புறம் வரன் வருவது நின்றுபோனது.

அம்மா போன பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில், வடலூரைத் தாண்டிப் புதிதாக வந்திருந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கா டெய்லராகச் சேர்ந்தார். வெளிநாட்டுக்குச் சட்டை தைக்கும் கம்பெனி. சுற்றுவட்டாரப் பெண்கள்தான் எல்லா லைனிலும். பாத்ரூம் போவதற்கு லைனுக்கு ஒரு டோக்கன். அது திரும்பி வரும்வரை அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். டார்கெட் முடியாவிட்டால் சூப்பர்வைசர் வாயில் வருவதை இங்கே அச்சடிக்க முடியாது. அக்கா சாப்பிடும்போது இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்பார்: "உங்க மைன்ஸ்ல இப்டிப் பேச முடியுமாடா?"

முடியாது. எங்கள் மைன்ஸில் சங்கத்தில் இல்லாத ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். கேட் மீட்டிங்கில் கோஷம் எடுத்துக் கொடுப்பவனே நான்தான். என் தொண்டைக்கு ஊரில் தனி மரியாதை உண்டு.

அதனால், எங்களுக்கும் ஒரு சங்கம் வைக்கப் போகிறோம் என்று அக்கா சொன்னபோது நான் பூரித்திருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. மெமோ, சஸ்பென்ஷன், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் எல்லாம் வரிசையாகக் கண்ணுக்குத் தெரிந்தன. அது வேறு கம்பெனி, என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்பது அறிவுக்குத் தெரிந்தது. பயத்துக்கு அறிவு கிடையாதே.

அந்தப் பெண்கள் எங்கே கூடினாலும் கம்பெனிக்குத் தகவல் போனது. அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். அக்டோபர் மாதம் எங்கள் பிளாக்கில் கத்தோலிக்கர் வீட்டுக்கு வீடு கூடி ஜெபமாலை சொல்வோம். மாதா சுரூபத்துக்கு முன்னால் பெண்கள் கூடினால் யார் சந்தேகப்படுவார்கள்? எங்கள் வீட்டு ஹாலில் கூடினார்கள். அவர்களில் பாதிப்பேர் இந்து வீட்டுப் பெண்கள். திருவதிகையிலிருந்து வந்த மல்லிகாதான் எல்லோருக்கும் முன்னால் ஜெபத்தை மனப்பாடம் செய்தவர். அக்டோபர் முடிந்தும் எங்கள் வீட்டில் மட்டும் ஜெபமாலை மாதம் முடியவில்லை. பங்குச் சாமியார் பூசையில் எங்கள் குடும்ப பக்தியைப் பாராட்டிப் பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

ஒரு மாலை, கம்பெனியின் பெர்சனல் ஆபீசர் வீட்டு வாசலில் வந்து நின்றார். பெண்களை மடக்க வேண்டுமானால் அவர்கள் வீட்டு ஆண்களைப் பார்த்துப் பேசுவது அந்தக் கம்பெனியின் வழக்கம். உள்ளே பெண்கள் சட்டென்று ஜெபமாலையை ஆரம்பித்துவிட்டார்கள். நான் வாசலை மறித்துக்கொண்டு, "ஜெபம் நடக்குது சார்" என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து தன் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரும் நம்ம சபை என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

ஜெபமாலை முடிந்ததும் வீட்டுக்கு மூத்த ஆண்பிள்ளை மன்றாட்டுச் சொல்வது எங்கள் பிளாக் வழக்கம். வந்திருக்கும் ஒவ்வொருவருக்காகவும் பெயர் சொல்லி, அவரவர் கஷ்டத்தைச் சொல்லி வேண்ட வேண்டும். அந்த வீட்டில் மூத்த ஆண்பிள்ளை நான். இது நிஜமான ஜெபம்தான் என்று அந்த மனிதருக்கு நிரூபித்துவிட வேண்டும் என்ற பதற்றம் எனக்கு. ஆரம்பித்தேன். இரண்டாவது லைனில் தைக்கும் மல்லிகாவின் அப்பா குணமாக வேண்டும். காஜா மெஷினில் இருக்கும் ஸ்டெல்லாவின் கல்யாணம் கூடிவர வேண்டும். டோக்கன் கேட்டுத் திட்டு வாங்கிய செல்விக்கு மனச்சமாதானம் வேண்டும். ஒருவரையும் விடவில்லை. அக்கா இருமினார், மறுபடி இருமினார். அக்காவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து, என் அக்காவின் உடல்நலத்துக்காகவும் என்று சேர்த்துக்கொண்டேன். ஆபீசர் ஒவ்வொரு மன்றாட்டுக்கும் எல்லோரையும்விடச் சத்தமாகப் பதில் சொன்னார்.

காபி குடித்துவிட்டுப் போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமையா ஜெபிக்கிறீங்க சார். ஒருத்தரயும் விடல" என்றார்.

கதவைச் சாத்தியதும் என் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அந்த வாய வெச்சிக்கினு கொஞ்ச நேரம் சும்மா இருக்க முடியாதாங்க உங்களால?"

மறுநாள் காலை அந்தப் பெண்கள் அத்தனை பேரையும் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். அக்காவை மட்டும் ஆபீசர், உங்க வீடு ஜெபிக்கிற வீடு, நீங்க போங்கம்மா என்றாராம். அக்கா நகரவில்லை. "இவங்க பேரெல்லாம் என் வூட்ல சொன்னது சார். இவங்கள வெளிய வுட்டுட்டு நான் எப்டி உள்ள போறது?" என்று சொல்லிவிட்டு, எதிரே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

இதுவரை எழுதியதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். எத்தனையோ கல்யாண வீட்டுப் பந்தியில் நானே நடித்துக் காட்டியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அக்காவும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். இனி வருவதை நான் எந்தப் பந்தியிலும் சொன்னதில்லை. அக்காவும் சொன்னதில்லை.

அவர்கள் வெயிலிலும் மழையிலும் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்த நாட்களில் ஒருநாள், நான் முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "உங்க சங்கத்து ஆளுங்க கொஞ்சம் பேர கூட்டிக்கினு ஒரு நாள் எங்க கேட்டாண்ட வாடா. நீ கோஷம் போட்டா போதும். பொண்ணுங்களுக்குத் தைரியம் வரும்."

அது பிரைவேட் கம்பெனி அக்கா, நமக்கு ஏதாவது ஆயிடும் என்றேன்.

அக்கா, "சரி, சாப்பாடு எடுத்துக்கினியா?" என்றார். அவ்வளவுதான். மறுபடி கேட்கவே இல்லை. நான் அந்த ரோட்டுப் பக்கமே போகவில்லை. வடலூரில் வேலை இருந்தால்கூடச் சுற்றிக்கொண்டு போனேன். என் மனைவி அவர்களுக்குத் தூக்கில் கஞ்சி கொண்டுபோனாள். நான் வீட்டில் இருந்து அதன் மூடியைத் தேடிக் கொடுத்தேன். போராட்டத்தில் என் பங்கு அந்த மூடிதான்.

உள்ளே தைத்துக்கொண்டிருந்த பெண்களும் ஒரு மதியம் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்ற பிறகுதான் கம்பெனி இறங்கி வந்தது. கடலூரில் லேபர் ஆபீசில் பேச்சு நடந்தது. சங்கத்தை ஒப்புக்கொள்கிறோம், டோக்கனை எடுத்துவிடுகிறோம், எல்லோரையும் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம், ஒருவரைத் தவிர என்றார்கள். மல்லிகா, அப்படியானால் எங்களுக்கும் வேண்டாம் என்று எழுந்துவிட்டாராம். அக்காதான் அவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "நான் ஒருத்தி வெளிய இருந்துக்கிறேன். சங்கம் உள்ள இருக்கட்டும்" என்றார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, காலைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "உன் மன்றாட்டுல பேரு வந்தவங்க எல்லாம் உள்ள போய்ட்டாங்கடா. எனக்கு மட்டும் நீ பேரு சொல்லல, அக்கான்னு சொல்லிட்ட." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அழுதிருக்க வேண்டிய இடத்தில் சிரித்துப் பழகியவன் நான்.

பிறகு அக்கா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தார். ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசில் உட்கார்ந்து, புதிதாகச் சேரும் பெண்களுக்குச் சம்பளச் சீட்டைப் படித்துக்காட்டினார். வயிற்றில் கட்டி என்று தெரிந்து படுக்கையில் விழுந்தபோது, ஷிப்டு முடிந்த பெண்கள் மாற்றி மாற்றி வந்து துணை இருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜோக் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தேன், ஜோக்குதான் வந்தது.

அக்காவின் அடக்கத்தன்று, வேலைக்கு வந்திருந்த பெண்களுக்கெல்லாம் அரைநாள் லீவு வேண்டும் என்று சங்கம் கேட்டது. கம்பெனி கொடுத்தது. உள்ளே விடாமல் வைத்திருந்த ஒரு பெண்ணுக்காக அந்தக் கேட்டைத் திறந்து எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்தார்கள். பெட்டியை அவர்களே தூக்கினார்கள். உடன்பிறந்தவன் முன்னால் நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் என்னை அழைத்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால்தான் நடந்தேன்.

அக்காவுக்காக வந்த உறவினர்களுக்கும், பிளாக் அன்பர்களுக்கும், பங்குச் சாமியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தார்ப்பாய்க்கு அடியில் அக்காவோடு உட்கார்ந்த பெண்களுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கூப்பிட்டு நான் வராத இடத்தில் நீங்கள் இருந்தீர்கள்.