பேருந்தை முந்திய நாள்

மலையில் எங்கே பிரேக் கருகும் வாடை அடித்தாலும் என் கால்கள் ஓடத் தயாராகிவிடுகின்றன. சென்ற வாரம் மலை ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு சுற்றுலாப் பேருந்து பக்கத்தில் வந்து நின்றபோதும் அப்படித்தான்; ஐம்பது வயதில், கையில் காய்கறிப் பையோடு.

இந்தப் பழக்கம் தொடங்கியபோது எனக்கு ஏழு வயது. எங்கள் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து டவுனுக்கு இறங்கும் மதியப் பேருந்தில் ஆளே இல்லை, நிறுத்தப் போகிறோம் என்றது பஸ் கம்பெனி. அதில்தான் அக்கா பிற்பகல் பள்ளிக்குப் போனாள். மற்றவர்கள் அந்நேரம் மலைச்சரிவில் கொழுந்து பறிப்பார்கள். ஆள் எங்கிருந்து வரும்? கடைசியாக ஒருநாள் தலை எண்ண அதிகாரி ஒருவர் வருவதாகத் தகவல்.

சித்தப்பா திட்டம் போட்டார். சாலை மலையை மூன்று முறை சுற்றி இறங்கும். தேயிலைக்கு நடுவே செங்குத்தாக ஓர் ஒற்றையடிப் பாதை. முதல் நிறுத்தத்தில் ஏறி, இரண்டாவதில் இறங்கி, பாதையில் ஓடி, மூன்றாவதில் புது ஆளாக ஏற வேண்டும்.

"பத்துப் பேரு இருவது பேராயிருவோம்லா."

சாப்பாட்டு நேரத்தைத் துறந்து அம்மாவும் மற்றவர்களும் வந்தார்கள். அதிகாரி ஓட்டுநருக்குப் பின்னால் அமர்ந்து புத்தகத்தில் தலைக்கொரு கோடு போட்டார். இரண்டாவது நிறுத்தத்தில் பிரேக் கருகும் வாடையோடு நின்ற பேருந்து காலியானது. அக்கா மட்டும் எங்களைத் தெரியாதவள்போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சரிந்தோம், உருண்டோம். மூடுபனி எதிரே ஏறி வந்தது, டிக்கெட் வாங்காமல்.

மூன்றாவது நிறுத்தத்தில் நாங்கள் மூச்சு வாங்கி, அது அடங்கி, அம்மா தலைத்துண்டை மாற்றிக் கட்டிய பிறகுதான் பேருந்து வந்தது.

"இப்பதானே எறங்குனீங்க?" என்றார் அதிகாரி.

"அது என் தங்கச்சி சார்," என்றாள் அம்மா.

அவர் என்னைக் காட்டினார். "மூக்கு ஒழுகுற இந்தப் புள்ளையும் ரெட்டையா?"

"எங்க குடும்பத்துல எல்லாமே ரெட்டதான் சார்," என்றார் சித்தப்பா.

அதிகாரி புத்தகத்தை மூடினார். "பஸ்ஸ விட நீங்க வேகமா எறங்குறீங்க. ஒங்களுக்கு எதுக்கு பஸ்ஸு?"

டவுன் அங்கிருந்தும் ஏழு மைல் என்று யாரும் சொல்லவில்லை. சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

அடுத்த மாதம் மதியப் பேருந்து நின்றுபோனது. மலையடிவாரத்துத் தாப்பாவில் அத்தை வீட்டில் தங்கி அக்கா படிக்கட்டும் என்று முடிவானது. மேலே திரிங்காப்பிலிருந்து இறங்கிய முட்டைக்கோஸ் லோரியில் அவளை ஏற்றிவிட்டோம். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே நின்றாள். குளிர் என்று நினைத்தேன். எனக்கிருந்த ஒரே யோசனை, தினமும் நாங்கள் சண்டைபோட்டு இழுக்கும் கம்பளியைப் பற்றி.

"கம்பளி இனிமே எனக்கா?" என்று கேட்டேன்.

லோரி நகர்ந்தது.

"ஒனக்குத்தான்டி," என்றாள் அக்கா. "ரெண்டு பக்கமும் நல்லா சொருவிப் படு."