கல்லுக்குப் போட்ட கும்பிடு

முத்துநாயகத்துக்கு ஊரில் இரண்டு நல்ல பெயர் உண்டு. அவர் கடைச் சிமெண்டில் கட்டிதட்டின மூட்டை இருக்காது என்பது ஒன்று. யார் முன்னாலும் குனியமாட்டார் என்பது இன்னொன்று. முதல் பெயரைக் காப்பாற்ற அவர் நிறையப் பாடுபட்டார். இரண்டாவதற்குப் பாடே இல்லை. சும்மா நிமிர்ந்து நின்றால் போதும்.

அய்யாவழிக் குடும்பம். வழிபாட்டு இடமான தாங்கலில், சிலைக்குப் பதிலாக இருக்கிற கண்ணாடிக்கு முன்னால் தலைப்பாகை கட்டி நிற்கிறவர்கள். "நம்ம தலையில கெட்டியிருக்கது கிரீடமாக்கும். அத ஒருத்தன் காலடியில கொண்டு வைக்கப்பிடாது" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அடங்கிக் கிடந்தவர்களை நிமிர்த்தின ஒரு வழக்கத்தை, தங்கச்சி மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்காமல் இருப்பதற்கு அவர் எடுத்து வைத்துக்கொண்டதுதான் பிழை.

தங்கச்சி முத்துக்கனி. மாப்பிள்ளை பொன்னுலிங்கம், மயிலாடியில் ஒரு சிற்பப் பட்டறையில் வேலை செய்கிறவர். சில வருஷங்களுக்கு முன்பு முத்துநாயகம் புது வீட்டுக்குப் பால்காய்ச்சு வைத்தபோது, முதல் பந்தியில் பொன்னுலிங்கம் இருந்தார். இலையில் சோறு விழுந்து, பருப்பும் நெய்யும் விழுந்து, அவர் பப்படத்தையும் பொடித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, கடையில் லோடு லோடாகச் சிமெண்டு எடுக்கிற கான்ட்ராக்டர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். இடம் இல்லை. முத்துநாயகம் மாப்பிள்ளையின் தோளைத் தொட்டுச் சொன்னார்: "மாப்ள, நீரு நம்ம ஆளுல்லா. அடுத்த பந்தியில இருக்கலாம். கொஞ்சம் எந்திரியும்."

பொன்னுலிங்கம் எழுந்தார். கை கழுவினார். அப்படியே படியிறங்கிப் பஸ் ஏறிவிட்டார். பின்னாலேயே முத்துக்கனி, பின்னாலேயே அவர்கள் மகள் ஆர்த்திகா. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால், இதற்கா என்று கேட்பார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்ல முடியாது. நாஞ்சில் நாட்டில் ஒருவனை வைது விடலாம், இரண்டு அடிகூட அடித்துவிட்டுச் சமாதானம் பேசலாம். பப்படம் பொடித்தவனை எழுப்பினால், பேச்சுக்கு இடமில்லை.

இப்போது ஆர்த்திகாவுக்குக் கல்யாணம். முத்துக்கனி அண்ணனைக் கூப்பிடவில்லை, அண்ணன் பெண்டாட்டி சபிதாவைக் கூப்பிட்டாள். போனில் அவள் சொன்னது சுருக்கம்: "மதினி, மாமன் இல்லாம எம்பிள்ள பந்தல்ல நிக்கப்பிடாது. அண்ணன் வந்து இவியகிட்ட ஒத்த வார்த்தை சொல்லட்டும். தப்பாயிட்டுன்னு சொன்னா போரும்."

ஒத்த வார்த்தை. அதுதான் அவரிடம் இல்லாத சரக்கு.

அந்த யோசனையில் இருக்கும்போதுதான் கல் வந்தது. இடது விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் தொடங்கி, அடிவயிற்றுக்கு இறங்கி, உட்கார்ந்தால் நிற்கச் சொல்லி, நின்றால் உட்காரச் சொல்லி, அவரைக் கடைக்குள் பம்பரமாய்ச் சுற்ற வைத்தது. நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்தில் சின்னக் கல்தான், தண்ணீர் நிறையக் குடித்தால் தானாக இறங்கிவிடும் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். வலி வரும்போது எப்படிக் கிடப்பது என்று கேட்டதற்கு, பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண் குளச்சல்காரி, பெயர் ஷைஜா.

"அங்கிள், முட்டுக்கால் குத்தி இரிங்க. இனி மெதுவா முன்னால குனியணும். நெத்தி தரையில முட்டட்டும். கை ரெண்டையும் முன்னால நீட்டுங்க. சாமி கும்பிடது மாதிரி."

"எங்க சாமி அப்பிடிக் கேக்காதும்மா."

"சாமி கேக்காண்டாம். முதுகு கேக்குதுல்லா."

வேறு வழிகளும் காட்டினாள். வலியில்லாத பக்கமாய்ச் சரிந்து படுத்து, முழங்காலை நெஞ்சுக்கு மடக்கி, நடுவில் தலையணை வைத்துக்கொள்வது. சுவரோரம் நின்று ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, விலாவை மெல்ல வளைப்பது. மூச்சை அடக்காமல் நீளமாய் விடுவது. "இதெல்லாம் வலி கொறய மட்டுமாக்கும். கல்லு கரையாது. காய்ச்ச வந்தா, வாந்தி வந்தா, மூத்திரம் போவல்லேன்னா, குனிஞ்சுக்கிட்டுக் கெடக்காதீங்க. ஒடனே ஆஸ்பத்திரிக்கு வந்துரணும்."

எல்லாவற்றையும் செய்து பார்த்தார். சரிந்து படுத்தது சுமார். சுவரோர வளைப்பு பரவாயில்லை. நெற்றியைத் தரையில் வைத்ததும் வலி, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைபோல் அடங்கியது. அவருக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது.

வலி நேரம் பார்த்து வருவதில்லை. கடையில் வந்தால், சிமெண்டு அடுக்குக்குப் பின்னால் போய்ச் சாக்கு விரித்துக் குனிவார். ஒருநாள் மத்தியானம் சோறு கொண்டுவந்த சபிதா, மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு உள்ளங்கால்களைப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, என்னத்தத் தேடுதிய?"

"ஆணி ஒண்ணு விழுந்துட்டு."

"நெத்தியால தேடுதியளோ?"

பிறகு உண்மையைச் சொல்லி, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். கல் இருப்பதில் அவமானம் இல்லை. பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் இருக்கிறது. அதற்காக இப்படிக் கிடப்பது தெரிந்தால்தான் கடையில் உட்கார முடியாது.

தங்கச்சி வீட்டுக்குப் போகத் தீர்மானித்தார். தங்கச்சி மகளைக் கைக்குழந்தையாய் இடுப்பில் வைத்துத் தேர் பார்க்கக் கொண்டுபோனவர் அவர். வேறு யாரோ மாமன் மாலை எடுத்துக் கொடுப்பதை நினைக்கவே பொறுக்கவில்லை. அதே சமயம் தப்பு என்ற சொல்லும் வாயில் ஏறவில்லை. எனவே ஒரு வாக்கியம் தயாரித்தார்: "அன்னைக்கு ஒரு காரியம் நடந்துபோச்சு, அத மனசில வச்சுக்கிடப்பிடாது." இதில் காரியம் தானாக நடக்கிறது, செய்தவர் என்று யாரும் இல்லை. மனசில் வைத்ததுதான் குற்றம், அதைச் செய்தவர் பொன்னுலிங்கம். மன்னிப்புப் போலத் தொடங்கிக் கண்டிப்பாக முடிகிற வாக்கியம். குளியலறையில் சொல்லிப் பார்த்தபோது மிக நன்றாக இருந்தது.

போகிற அன்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. பேச்சில்லாத வீட்டுக்குப் போய், முதல் வார்த்தையாகக் கக்கூஸ் எங்கே என்று கேட்கவா முடியும்?

வீடு கல்யாணக் களையில் இருந்தது. முன்னறையில் உறவுக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுலிங்கத்தின் தம்பி சுதன், வாய் ஓயாத டெம்போ டிரைவர், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டான். பொன்னுலிங்கம் எதிரே கை கட்டி நின்றார். உட்காரவில்லை.

"வாரும் மச்சான்" என்றார். அதில் வரவேற்பு இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு நிதானமாக.

முத்துநாயகம் தொண்டையைச் செருமினார். "மாப்ள, அன்னைக்கு ஒரு காரியம்..."

அதற்குமேல் வாக்கியம் நகரவில்லை. முதுகில் யாரோ திருப்புளியை வைத்து முறுக்கினதுபோல் இருந்தது. எழுந்தார். எழுந்தது தப்பு. வேர்த்துக் கொட்டியது. உடம்புக்கு இதற்குள் ஒரே ஒரு வழிதான் பழகியிருந்தது, அது அவரிடம் அனுமதி கேட்கவில்லை. முழங்கால் மடிந்தது, முதுகு கவிழ்ந்தது, நெற்றி தரையில் முட்டியது. ஷைஜா சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கையும் முன்னால் நீண்டன. போய் முட்டிய இடம் பொன்னுலிங்கத்தின் பாதம்.

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"எய்யா!" என்றான் சுதன்.

பொன்னுலிங்கம் பதறிக் குனிந்து அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கினார். நிமிர்ந்ததும் வலி கொன்றது. முத்துநாயகம் மறுபடி விழுந்தார். "தாங்க முடியல்ல மாப்ள" என்றார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக எதையும் சொன்னதில்லை.

"வேண்டாம் மச்சான், எந்திரியும், எனக்கு மனசில ஒண்ணும் இல்ல!"

மறுபடி தூக்கினார்கள், மறுபடி விழுந்தார். "விட்ருங்க. கொஞ்சநேரம் இப்பிடியே கெடக்கேன்."

"பாத்தியளா, விடமாட்டேங்காரு!" என்றான் சுதன், குரல் உடைந்து. "எவ்வளவு நொந்துருந்தா இப்பிடிக் கெடப்பாரு மனுசன்!"

பெண்கள் அழுதார்கள். முத்துக்கனி அண்ணன் முதுகில் விழுந்து அழுதாள், வலித்த இடத்திலேயே. கல்லோடு மல்லுக்கட்டிக் காய்த்த கைகளால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, பொன்னுலிங்கம் குலுங்கிக் குலுங்கி அழுதார். வலி மெல்ல இறங்கியது. முத்துநாயகம் கண்ணில் நீரோடு எழுந்தபோது எல்லாம் தீர்ந்திருந்தது. தயாரித்த வாக்கியத்துக்கு வேலையே இல்லை.

"அது வந்து..." என்று தொடங்கினார்.

"ஒண்ணும் சொல்லாண்டாம் அண்ணே" என்றாள் முத்துக்கனி.

சொல்லவில்லை. காப்பி குடித்தார். மாமன் மாலை எங்கே கட்டக் கொடுத்திருக்கிறது என்று கேட்டார்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி போனில் வந்து சேர்ந்துவிட்டது. சபிதா வாசலிலேயே நின்றாள்.

"ஆணி கெடச்சுதா?"

அவர் செருப்பைக் கழற்றினார்.

"கேக்கேன்லா. பொன்னுலிங்கம் அண்ணனுக்கு விழுந்தியளா, கல்லுக்கு விழுந்தியளா?"

"ஒனக்கென்னட்டி. காரியம் நடந்துபோச்சுல்லா."

"நல்லா நடந்துது. அந்த மனுசன் கரஞ்சு அழுதாராமே."

அன்றிலிருந்து புது வேதனை ஒன்று தொடங்கியது. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. "அண்ணாச்சி, நீங்க செஞ்சது ஒரு ஆம்பள செய்ய முடியாத காரியம்" என்று பெயிண்ட் வாங்க வந்தவர் சொன்னார். தாங்கலில் ஒரு பெரியவர், குனியத் தெரிந்தவன்தான் நிமிர்ந்தவன் என்கிற மாதிரி ஏதோ பேசி, அவர் தோளில் தட்டினார். நிமிர்ந்திருந்ததற்காக இத்தனை வருஷம் வாங்கிய பெயர் பொய். குனிந்ததற்காக இப்போது வாங்குகிற பெயர் அதைவிடப் பொய். இடையில் அவர் என்ற ஆள் எங்கே இருக்கிறார் என்று அவருக்கே பிடிபடவில்லை.

வலி அதன்பிறகும் இரண்டொரு தடவை வந்தது. குனிய முடியவில்லை. நெற்றி தரையைத் தொட்டதும், தலையைப் பிடித்துக்கொண்ட அந்தக் காய்த்த கைகள் நினைவில் வந்துவிடும். குனிந்தால் வலி குறைந்தது, வெட்கத்தில் காது சுட்டது. சரிந்து படுத்து, தலையணையைக் காலுக்கிடையில் இறுக்கி, வாயை மூடிக்கொண்டு பொறுத்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் கல் இறங்கிவிட்டது. அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இனி எதற்கும் வலியைச் சாக்காகச் சொல்ல முடியாது என்றுதான் தோன்றியது.

கல்யாணத்தன்று காலை, சமையல் பந்தலில் எரிசேரிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்த பொன்னுலிங்கத்தைத் தனியே கூப்பிட்டார். வாழைக்குலை அடுக்கியிருந்த மூலைக்குப் போனார்கள்.

"மாப்ள, அன்னைக்கு நான் ஒம்ம காலுல விழல்ல."

பொன்னுலிங்கம் சிரித்தார். "விடும் மச்சான். மறந்தாச்சு."

"இல்ல. எனக்குக் கிட்னியில கல்லு இருந்துது. வலி வந்தா அப்பிடிக் குனிஞ்சாத்தான் கொறயும். ஆஸ்பத்திரியில சொல்லித் தந்ததாக்கும். நீரு அந்த எடத்துல நின்னீரு. அவ்வளவுதான்."

சிரிப்பு ஒரு ஓரமாய் நின்றுபோயிற்று. பொன்னுலிங்கம் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார்.

"அப்போ நான் அழுதது ஒம்ம கல்லுக்கா?"

முத்துநாயகம் குனியவில்லை. குனிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். நேராக நின்று, முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "பால்காய்ச்சுக்கு நான் ஒம்மள எலையிலேருந்து எழுப்பிவிட்டேன். காருல வந்தவனக் கண்டதும் நீரு எனக்கு ஆளாத் தெரியல்ல. நான் செஞ்சது தப்பு. இத அன்னைக்குச் சொல்லத்தான் வந்தேனான்னு கேட்டா, அதுவும் இல்ல. இப்பத்தான் சொல்லுகேன்."

பொன்னுலிங்கம் அழவில்லை, கையைப் பிடிக்கவில்லை. முகம் கறுத்துச் சிறுத்திருந்தது. அவருக்கும் வெட்கமாக இருக்கிறது என்பது முத்துநாயகத்துக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"சபிதாவுக்கு."

"அதோட நிக்கட்டும். சுதன் கேட்டான்னா, கல்லுக்கு அழுத கல்லாசாரின்னு மயிலாடி முழுக்கப் பாடிருவான். எனக்குப் பட்டறைக்குப் போவாண்டாமா? நீரு விழுந்தது விழுந்ததாவே இருக்கட்டும். கேட்டீரா?"

"இப்ப சொன்னது?"

"அது நமக்குள்ள இருக்கட்டும்." கரண்டியை உதறினார். "மாலை வந்துட்டு. போயி நில்லும். நேரமாச்சு."

மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. முத்துநாயகம் மாமன் இடத்தில் போய் நின்று ஆர்த்திகாவுக்கு மாலை எடுத்துக் கொடுத்தார். அவள் "மாமா" என்று சிரித்தாள். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாய் வந்தபோது சுதன் அவரை முன்னால் இழுத்து நிறுத்தினான்.

"இவியதான் பொண்ணுக்கு மாமன். யாருக்கும் தல குனியாத மனுசன். எங்க அண்ணன் காலுல விழுந்தாரு பாத்துக்கிடுங்க, நாங்க தூக்கத் தூக்க விழுந்தாரு!"

மாப்பிள்ளையின் அப்பா மரியாதையாகக் கைகூப்பினார். முத்துநாயகம் பொன்னுலிங்கத்தைத் தேடினார். அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்திருந்தார். "ஆமா" என்றார் முத்துநாயகம். "விழுந்தேன்."