கோப்பையில் இருந்த ஒடுக்கு

1. "இது எங்கள் கோப்பை இல்லை"

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருந்த எங்கள் வேர்ஹவுஸில், டெரிக் என்ற ஆங்கிலேயப் பெரியவர் ஒரு வெள்ளிக் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் கோப்பை இல்லை" என்றார்.

அங்கே ஐந்து பேர் இருந்தோம். ஒவ்வொருவரும் மற்ற நான்கு பேரைப் பார்த்தோம். அந்தப் பார்வையில் அன்பு இல்லை.

டெரிக், வட இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப்பின் அருங்காட்சியகக் காப்பாளர். அவருக்கு எதிரே கையில் பேனாவோடு நின்றவர் கஸ்டம்ஸ் இன்ஸ்பெக்டர், உள்ளூர் அரபி. கதவோரம் எங்கள் மேனேஜர் வர்கீஸ் சார், கோட்டயத்துக்காரர். பெட்டிக்குப் பக்கத்தில் பேக்கர் காளிமுத்து, பரமக்குடிப் பக்கம். அவனுக்கு மறுநாள் காலை ஃபிளைட், புதன்கிழமை கல்யாணம். பாஸ்போர்ட் மட்டும் வர்கீஸ் சாரின் மேஜை டிராயரில் இருந்தது. எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அங்கேதான் இருக்கும். அந்தக் காலத்து வழக்கம் அப்படி.

ஐந்தாவது ஆள் நான். கிளியரிங் கம்பெனியில் டாக்குமென்டேஷன். பெட்டிக்குள் இருப்பதும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. அதாவது, சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்படுவது. ஊரில் இருந்தவரை அதை இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன்.

2. இல்லாத நாட்டின் கொடி

சாமான் வந்தது அதற்கு ஒரு மாதம் முன்பு. துபாயில் ஒரு மாலில் கண்காட்சி. அந்த கிளப் ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகளில் ஆடிய கதையைப் படம், சட்டை, பூட்ஸ், கோப்பை என்று வைத்துக் காட்டுவது. ஆறு பெட்டிகள். திரும்பிப் போகும் சாமான் என்ற உறுதியில் தற்காலிக இறக்குமதி. அப்படி வருவது வந்தபடியே போகவேண்டும்.

கதை பெரியதல்ல என்று டெரிக்கே சொன்னார். முதல் தடவை ஐரோப்பாவுக்கு ஆடப் போனார்கள், முதல் சுற்றிலேயே வெளியே வந்தார்கள். பிறகு ஒரு தடவை ஃபைனல் வரை போய்த் தோற்றார்கள். இன்னொரு தடவை ஃபைனலுக்குப் போய் ஜெயித்தார்கள். அதன் பிறகு கீழ் டிவிஷனுக்கு இறங்கி, அங்கேயே குடியேறிவிட்டார்கள்.

"அப்புறம் ஐரோப்பாவுக்குப் போகவே இல்லையா?" என்று கேட்டேன்.

"விடுமுறைக்குப் போவதுண்டு" என்றார்.

இப்படி ஒரு கிளப் எதற்கு துபாய்க்கு வருகிறது என்று யோசித்தேன். யாராவது பெரிய கை கிளப்பை வாங்குமா என்று ஆழம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஆதாரம் எதுவும் கிடையாது. ஆதாரம் இருந்தால் அதற்குப் பெயர் சந்தேகம் இல்லையே.

ஒரு பெட்டி முழுக்க முக்கோணத் துணிகள். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு கேப்டன்களும் மாற்றிக்கொள்ளும் பென்னன்ட் கொடிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு எதிரி கொடுத்தது. பட்டியலில் அவை வந்த நாடு என்று டெரிக் எழுதியிருந்தவற்றில் யூகோஸ்லாவியா ஒன்று, கிழக்கு ஜெர்மனி ஒன்று. இரண்டுமே கஸ்டம்ஸ் கம்ப்யூட்டரில் இல்லை.

"யூகோஸ்லாவியா மாஃபி" என்றார் இன்ஸ்பெக்டர். "நாடே இல்லேன்னா சாமான் எங்கேருந்து வந்துச்சு?"

"ஊர் அங்கேயேதான் இருக்கிறது சார்" என்றார் டெரிக். "நாடுதான் போய்விட்டது."

இன்ஸ்பெக்டர் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். சொந்தச் சாமானைப் பற்றி இவ்வளவு நிதானமாகப் பேசுகிறவரை நம்பக்கூடாது என்பது அவர் அனுபவமாக இருக்கலாம். நான் இரண்டு நாள் உட்கார்ந்து, அட்லஸை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊரும் இன்றைக்கு எந்த நாட்டில் இருக்கிறது என்று பார்த்து எழுதினேன். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு கொடியாக எடுத்து ஒத்துப்பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேப்பரும் சாமானும் ஒண்ணா இருக்கணும். அவ்வளவுதான். கலாஸ்."

ரூமுக்கு வந்து, செத்துப்போன இரண்டு நாடுகளுக்கு வாரிசு கண்டுபிடித்தவன் நான் என்று பெருமை அடித்துக்கொண்டேன். பதினோரு பக்கப் பட்டியலில் நாடு என்ற பத்தியை மட்டும்தான் படித்தேன் என்பதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

3. பொதுவாக ஒரு கேள்வி

கண்காட்சி புதன்கிழமை முடிந்தது. டெரிக் தன் கையாலேயே கோப்பையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். வியாழக்கிழமை பெட்டிகள் வேர்ஹவுஸுக்கு வந்தன. மறுநாள் வெள்ளி, விடுமுறை.

ரோலாவில் எங்கள் ரூமில் ஆறு பேர். காளிமுத்துவும் அதில் ஒருவன். வெள்ளிக்கிழமை பகலில் பிரியாணி. அன்று அவன் தட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அண்ணே, பொதுவா ஒண்ணு கேக்குறேன்."

"கேளு."

"ஒரு சாமான் வரும்போதே ஒடுங்கித்தான் வந்துச்சுன்னு வைங்க. அதப் பேப்பர்ல போட்டிருப்பாங்கல்ல?"

"யாரு, அவங்களா? நீ ஒருத்தன். எவனாவது தன் சாமான் ஒடுங்குனதுன்னு எழுதிக் குடுப்பானா? கடைசியா எவன் கை பட்டுச்சோ அவன் தலையில கட்டுவான். அதுக்குத்தான் பேப்பரே."

"அப்பக் கடைசியாத் தூக்குனவன்தான் மாட்டுவானா?"

"மாட்டுவான். லீவுல போக இருந்தா அதுவும் கட்" என்றேன், எலும்பில் ஒட்டியிருந்ததை இழுத்துக்கொண்டே.

அவன் இரண்டாம் தடவை சோறு வாங்கவில்லை. கல்யாணப் பயம் என்று நினைத்து, திருமண வாழ்க்கை பற்றிச் சில அறிவுரைகளும் வழங்கினேன். மூன்று வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் மனைவியோடு இருப்பவனிடம் அதில் சரக்கு நிறையவே உண்டு.

கொஞ்ச நேரத்தில், வேர்ஹவுஸில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். லீவு நாளில் வேலைக்குப் போகிறவனைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்குத் தூக்கம் வந்தது.

4. டியூப்லைட்

சனிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். இன்ஸ்பெக்டர் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தார். டெரிக் ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டினார்.

"வெள்ளிக் கோப்பை ஒன்று. அடையாளம்: இடது கைப்பிடிக்குக் கீழே பழைய ஒடுக்கு, கோழிமுட்டை அளவு." இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "எங்கே?"

டெரிக் கோப்பையைத் திருப்பினார். இன்னொரு தடவை திருப்பினார். வெள்ளி வழவழவென்று இருந்தது. அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

டெரிக்கின் ஊரில் இதே மாதிரி நகல் ஒன்று இருக்கிறதாம். அதே பட்டறை, அதே எடை. எது அசல் என்று கிளப்பே அந்த ஒடுக்கை வைத்துத்தான் கண்டுபிடிக்குமாம்.

"ஜெயித்த மறுநாள் ஊர்வலத்தில் எங்கள் கோல்கீப்பர் பஸ் மாடியிலிருந்து கைதவறிப் போட்டுவிட்டார். முந்தைய ஃபைனலில் பந்தைக் கைதவறவிட்டு எங்களைத் தோற்கடித்தவரும் அவரேதான். கோப்பை ரோட்டில் விழுந்ததும் ஊரே சிரித்துவிட்டது. அன்றைக்குத்தான் அவரை மன்னித்தார்கள்."

நான் டெரிக்கைச் சந்தேகித்தேன்: நகலைக் கொண்டுவந்துவிட்டு நம் தலையில் கட்டுகிறாரோ? டெரிக் எங்களைச் சந்தேகித்தார். வர்கீஸ் சார் மால்காரர்களைச் சந்தேகித்தார்: "அவிடத்தான் மாத்தியிருப்பான். நம்ம கையில ஒண்ணும் இல்ல." இன்ஸ்பெக்டர் பாரபட்சம் பார்க்கவில்லை. "யாரும் வெளியே போகக் கூடாது" என்று கதவருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

அந்த நாற்காலி காளிமுத்துவைத் தாக்கியிருக்க வேண்டும்.

"அண்ணே, அந்த ஒடுக்கத் தட்டி நிமித்துனது நான்தாண்ணே."

வியாழக்கிழமை இறக்கும்போது பெட்டியின் ஒரு மூலை தரையில் இடித்திருக்கிறது. உள்ளே என்ன ஆயிற்றோ என்று பிரித்துப் பார்த்தால் கோப்பையில் முட்டை அளவு பள்ளம். தான் போட்டதால்தான் என்று நம்பிவிட்டான். புதன்கிழமை கல்யாணத்தை வைத்துக்கொண்டு வேறு எப்படி நம்புவான்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். காளிமுத்துவின் விசாவில் இருந்த தொழில் டென்டர், அதாவது ஒடுக்கு எடுப்பவன். ஊரில் எட்டு வருடம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஒடுக்கு எடுத்தவன். இங்கே அவனைக் கூப்பிட்ட கராஜ் மூடிப்போய், எங்களிடம் வந்து மரப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். பாதிப் பேருக்கு அப்போது விசாவில் ஒரு தொழில், கையில் ஒரு தொழில். மூன்று வருடமாகச் சும்மா இருந்த கை, வெள்ளியைப் பார்த்ததும் சும்மா இருக்கவில்லை.

மூலையிலிருந்து ஆயுதங்களைக் கொண்டுவந்து வைத்தான். மணல் நிரப்பிய துணிப்பை ஒன்று. பேலட் கட்டையில் செதுக்கி, பழைய செருப்புத் தோலைச் சுற்றிய சுத்தி ஒன்று. வேறொன்றும் இல்லை.

நான் மொழிபெயர்த்தேன். டெரிக் நம்பவில்லை. "இதை வைத்தா? ஒரு கீறல்கூட இல்லாமலா? இவரைக் காப்பாற்ற நீங்கள் கதை சொல்கிறீர்கள்."

"அவர் என்னண்ணே சொல்றாரு?"

"நீ இவ்வளவு நல்லா வேலை செஞ்சிருக்க முடியாதுங்கிறார்."

காளிமுத்துவுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. "அந்த டியூப்லைட்டப் போடுங்கண்ணே" என்றான்.

கோப்பையைத் துணியால் பிடித்து, விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்தான். வெள்ளியின் மேல் விளக்கின் வெளிச்சம் நேர்கோடாக விழுந்தது. சாய்க்கச் சாய்க்கக் கோடு நகர்ந்தது. இடது கைப்பிடிக்குக் கீழே வந்ததும், தண்ணீரில் விழுந்த முடி போல லேசாக நெளிந்தது. தாண்டியதும் மறுபடி நேரானது.

"பஸ்ல இப்படித்தான் பாப்போம். எவ்வளவு நல்லாத் தட்டுனாலும் பழைய எடம் லைட்டுக்குத் தெரியும். புதுக் கோப்பைன்னா கோடு ஏன் நெளியுது? கேளுங்கண்ணே."

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. டெரிக் வலது கையுறையைக் கழற்றினார். அந்த ஒரு மாதத்தில் அவர் வெறுங்கையால் கோப்பையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதான்" என்றார்.

திருட்டு இல்லை என்று ஆயிற்று. இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கவில்லை. "பேப்பர்ல டென்ட் இருக்கு. கோப்பையில மாஃபி. எப்படி விடுறது?" என்றவர், அவரே வழியும் சொன்னார். "எடுத்தவனே திரும்பப் போடட்டும். யல்லா."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. டெரிக்கிடம் போட்டோ இருந்தது. காளிமுத்து கோப்பையை மணல்பையில் சாய்த்தான். "அச்சு அசலாப் போட்டுர்றேன் சார். ரெண்டே தட்டு." சுத்தி மேலே போனது.

டெரிக் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம். அது விழுந்து வந்தது. நாமே போட்டால் இதுவும் நகலாகிவிடும்."

5. காரணம்

"அப்படியானால் லெட்டர்" என்றார் இன்ஸ்பெக்டர். கம்பெனித் தாளில், யார் செய்தது, ஏன் செய்தது, கையெழுத்து, முத்திரை.

வர்கீஸ் சார் என்னைப் பார்த்தார். அவருக்கு நான் பண்டிதர். ரூமில் புத்தகம் வைத்திருப்பதற்கான தண்டனை.

"பண்டிதரே, எழுது. பேக்கர் காளிமுத்து அனுமதி இல்லாம பெட்டி திறந்நு கேடு பண்ணி. அவன் லீவு கேன்சல். இது தீர்ந்திட்டுப் போகலாம்." டிராயரைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். யார் என்ற வரி சுலபமாக வந்தது. காரணம் என்று தட்டிவிட்டு நின்றேன். பக்கத்தில் அந்தப் பட்டியல் கிடந்தது. ஒரு மாதமாக என் மேஜையில் கிடந்த அதே பட்டியல். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பத்தி: வரும்போதே இருந்த சேதம். வெள்ளிக்கிழமை காளிமுத்து கேட்டது அந்தப் பத்தியைப் பற்றித்தான். அப்படி ஒன்றை யாரும் எழுதமாட்டார்கள் என்று அடித்துச் சொன்னவன் நான். அன்று காலை இருந்தவர்களில் நான் சந்தேகப்படாமல் விட்ட ஒரே ஆளும் நான்தான்.

காளிமுத்து என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, நேத்து நீங்க சொன்னத எழுதிராதீங்கண்ணே. ஒங்களுக்குப் புள்ளைக படிக்குதுக."

அதுவரை நான் எழுதுவேனா என்று எனக்கே தெரியாது. அவன் சொன்ன பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. இப்படி எழுதினேன்: "ஏற்கெனவே உள்ள சேதம் பட்டியலில் குறிக்கப்பட்டிருக்குமா என்று பேக்கர் டாக்குமென்டேஷன் அலுவலரிடம் கேட்டார். பட்டியல் தன் மேஜையிலேயே இருந்தும் அதைப் பார்க்காமல், குறிக்கமாட்டார்கள் என்று அலுவலர் தவறாகச் சொன்னார். பழி தன்மேல் விழும் என்ற பயத்தில் பேக்கர் ஒடுக்கை எடுத்தார். தவறான தகவல் கொடுத்தவர் கீழே கையெழுத்திடுபவர்."

இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்தார். தன்மேலேயே தப்பை எழுதிக்கொடுக்கும் லெட்டரை அவர் பார்த்திருக்க மாட்டார் போல. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். காளிமுத்துவிடம் ஹிந்தியில் கேட்டார்: "இவன் உனக்குச் சொந்தமா?"

"நஹி சாப். ரூம் ஆளு."

"பொண்ணு கொடுக்கிறானா?"

"நஹி சாப்."

அதற்கு மேல் சந்தேகப்பட அவருக்கு வழி இல்லை. "பேக்கர் போகலாம். லெட்டர்ல இருக்கிற ஆள் இருந்தா எனக்குப் போதும்" என்று முத்திரையைக் குத்தினார். கிளப் தரப்பில் புகார் எதுவும் இல்லை என்று டெரிக் கீழே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

வர்கீஸ் சார் டிராயரைத் திறந்து பாஸ்போர்ட்டை மேஜைமேல் வீசினார். "போ, போய்க் கல்யாணம் கழி." பிறகு என் பக்கம் திரும்பினார். "பண்டிதரே, தன்ட லீவு இந்தக் கொல்லம் இல்ல. அடுத்த கொல்லம் நோக்காம்."

பெட்டியை மூடும் முன் டெரிக் பட்டியலைக் கேட்டு வாங்கினார். அடையாளம் என்ற இடத்தில் இருந்த வரியை அடித்துவிட்டுப் பேனாவால் எழுதினார்: "ஒடுக்கு எடுக்கப்பட்ட தடம், ஷார்ஜா. டியூப்லைட்டில் பார்க்கவும்." இன்ஸ்பெக்டர் கோப்பையை வாங்கி, விளக்குக்குக் கீழே சாய்த்து, கோடு நெளிகிறதா என்று தானே பார்த்துக்கொண்டார். பேப்பரும் சாமானும் ஒன்றாக இருந்தன.

காளிமுத்து ஞாயிற்றுக்கிழமை ஏறிப்போனான். நான் என் வீட்டுக்குப் போன் செய்து, இந்த வருடம் வரமுடியாது என்றேன். மனைவி காரணம் கேட்டாள். கால்பந்து என்றேன். அவள் நம்பவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் அதே வியாதி.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். கடைசிப் பத்தி வரை படியுங்கள் என்று மேலதிகாரிகள் சொல்வார்கள், அதை அவர்களே சொல்லட்டும். நான் செய்வது இது: யாராவது "பொதுவா ஒண்ணு கேக்குறேன்" என்று ஆரம்பித்தால், கையில் இருக்கும் எலும்பைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் பெட்டி?" என்று கேட்டுவிடுவேன்.