காட்டான் என்றால் திரும்பாதவர்

கீழ்வேளூர்ப் பக்கம் காடு கிடையாது. பார்வை போகும் தூரம் வரை வயலும் வாய்க்காலும்தான். ஆனால் 'காட்டான்' என்ற சொல்லுக்குக் குறைச்சல் இல்லை. செருப்போடு வீட்டுக்குள் வந்தால் காட்டான். நிறையச் சோறு சாப்பிட்டால் காட்டான். மீன்கூடையோடு வருகிற கடற்கரைக்காரர் காட்டான். வடக்கேயிருந்து நடவுக்கு ஆட்கள் வரத் தொடங்கியதும், மற்றவர்களை விட்டுவிட்டு அவர்களுக்கே அதைக் கொடுத்துவிட்டோம்.

மூஸா அப்படி வந்தவர். வங்காளத்து முர்ஷிதாபாத்; நாற்பது வயது, மூன்று பெண்கள். பக்கவாதத்தில் விழுந்த மிக்கேல்ராஜைத் தூக்கிப் புரட்ட ஊரில் ஆள் கிடைக்கவில்லை. மகன் ஆன்டோ குவைத்தில். மனைவி விண்ணரசிக்கு முட்டிவலி. போன வருஷ நடவு முடிந்த கையோடு மூஸாவை நான்தான் அங்கே சேர்த்துவிட்டேன். முப்பது வருஷம் நர்ஸாக இருந்து எத்தனையோ பேருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதும், முதுகைத் துடைத்து உலர்த்துவதும் அவருக்கு ஒரே வாரத்தில் கைவந்தன.

ஒருநாள் கேட்டார். "சிஸ்டர், காட்டான்னா என்ன?"

நான் மழுப்பவில்லை. "காட்டுல இருக்கறவன். நாகரிகம் தெரியாதவன்."

"எங்க ஊர்லயும் நெல்லுதான் சிஸ்டர். காடு இல்ல."

மறுநாளிலிருந்து அப்படிக் கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. வேலையில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

"திமிரப் பாத்தீங்களா சிஸ்டர்?" என்று பொருமிய விண்ணரசி, குவைத்துக்கும் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையோடு அனுப்பிவிடச் சொன்னான் ஆன்டோ. மூன்று பெண்களின் படிப்பும் அந்தச் சம்பளத்தில்தான். விஷயம் தெரிந்தும் மூஸா திரும்பவில்லை.

சனிக்கிழமை எங்கள் கடைமடைக்கு மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்தது. மிக்கேல்ராஜ் வாய்க்காலையே கையால் காட்டிக்கொண்டிருந்தார். மூஸா அவரை முதுகில் சுமந்து முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார்.

விண்ணரசி கையில் போனோடு கரைக்கு ஓடிவந்தாள். "டேய் காட்டான்! மேல வாடா!"

மூஸா அசையவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த ஆன்டோ கத்தினான். "அப்பாவ மாட்ட எறக்குற மாதிரி தண்ணியில எறக்கியிருக்கான்! அந்தக் காட்டான இப்பவே தொரத்துங்கம்மா!"

போனை வாங்கினேன். "குவைத்துல உன்னய என்னன்னு கூப்புடுறாங்க ஆன்டோ?"

"அது வேற விஷயம் சிஸ்டர்."

"வேற என்ன? சொல்லேன், கேப்போம்."

அவன் லைனைத் துண்டித்தான்.

மிக்கேல்ராஜின் பத்து மணி மாத்திரைக்கு நேரமாகிவிட்டது. தண்ணீரில் நின்ற இருவருக்கும் அவசரம் எதுவும் தெரியவில்லை. விண்ணரசி என்னைப் பார்த்தாள்.

"என்னய ஏன் பாக்குற? கூப்புட வேண்டியது நீதான்" என்றேன்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "மூஸா, மேல வாப்பா" என்றாள்.

"இதோ வரேம்மா." உடனே ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போகவில்லை. அனுப்புகிற பேச்சையும் யாரும் எடுக்கவில்லை. விண்ணரசி வாரத்துக்கு இரண்டு முறையாவது மறந்துபோய் அந்தச் சொல்லைச் சொல்கிறாள். மூஸா திரும்புவதில்லை. மிக்கேல்ராஜின் முதுகில் இதுவரை ஒரு புண் கிடையாது.