கோமதிசங்கர் இல்லாத பந்தி

கோமதிசங்கர் விசைத்தறி ஓட்டிப் பிழைத்தான். ஆனால் சங்கரன்கோவிலில் தறிக்காரன் என்று சொல்லி விசாரித்தால் அவன் வீட்டைக் காட்ட ஆள் இல்லை. பந்தி விசாரிக்கிறவன் என்று கேட்டால் கைப்பிடித்துக் கூட்டிப்போவார்கள். எனக்குக் கூட்டாளி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். அதனால் அவன் பெண்டாட்டி இசக்கிசெல்வி எனக்கு மதினி.

முகூர்த்த நாள் என்றால் தறிக்கு லீவு. பத்திரிகை வந்ததா வரவில்லையா என்றெல்லாம் பார்க்க மாட்டான். மண்டபத்துச் சமையல்கட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு நிற்பான்.

"நீரு மாப்பிள வீடா, பொண்ணு வீடா?" என்று ஒருத்தர் கேட்டார்.

"நான் சாம்பார் வீடு" என்றான்.

இலையை இரண்டு கையாலும் மறைத்தாலும் விடமாட்டான். "வே, சாப்பிட வந்தீரா, இலைக்குக் காவல் இருக்க வந்தீரா?" என்று விரலிடுக்கில் ஊற்றுவான். புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர், தன்னை யாரும் 'வாங்க' என்று கேட்கவில்லை என்று சண்டை போடவே வந்தார். நம்மாள் பாயாசத்தை ஊற்றி ஊற்றிச் சண்டையை மறக்கடித்துவிட்டான். பிறகு அதே மண்டபத்தில் அவர் தன் மகளுக்கு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டுப் போனார். அந்தச் சம்பந்தம் எந்த லட்சணத்தில் போகிறது என்பதை நேரில் வந்தால் சொல்கிறேன்.

போன ஐப்பசியில் நெஞ்சு வலிக்கிறது என்றவன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. இந்த ஐப்பசியில் முதல் தெவசம். மதினி என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

"கொழுந்தனாரே, அவுக யாரையும் அரைவயித்தோட அனுப்புனது கெடயாது. அவுக நாள்ல ஒருத்தர் அப்படி எந்திரிச்சுப் போனாலும் எனக்கு மனசு ஆறாது. பந்திய நீருதான் பாக்கணும்."

எனக்குப் பந்தியில் உட்காரத் தெரியும். நின்று பழக்கமில்லை. ஆனாலும் சரி என்றேன்.

தெருவில் பந்தல் போட்டு முதல் பந்தி உட்கார்ந்தது. எல்லார் முகமும் ஒரு முழ நீளம். நான் சாம்பார் வாளியோடு, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று ஆரம்பித்தேன். மேலநீலிதநல்லூரிலிருந்து வந்திருந்த கோமதிசங்கரின் சித்தப்பா துரைப்பாண்டி அண்ணாச்சி பந்தல் ஓர நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஏலே பேச்சிராஜா! இது என்ன கல்யாண வீடா? துட்டிச் சோத்துல வேணுமா, போதுமான்னு கேக்கலாமால? போட்டதத் தின்னுட்டுச் சத்தமில்லாம எந்திரிக்கணும்."

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படித்தான். சாவு வீட்டுச் சாப்பாட்டில் உபசரிக்கக் கூடாது. ஊரையே உபசரித்தவன் தெவசத்தில் உபசரிப்பு தள்ளுபடி! ஜனங்கள் கொறித்துவிட்டு எழுந்தார்கள். மதினி அடுப்பங்கரை வாசலில் நின்று, இலைகளில் அப்படியே கிடந்த சோற்றைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அடுத்த பந்தியில் அண்ணாச்சியே உட்கார்ந்தார். கேட்கத்தானே கூடாது, பேசலாமே என்று எனக்குத் தோன்றியது.

"அண்ணாச்சி, ஒங்க மவன் கல்யாணத்துல கோமதிசங்கர் செஞ்ச வேல தெரியுமா?"

"என்னல செஞ்சான்?"

"பொண்ணு வீட்டு ஆளுக உக்காந்த பந்தியில சாம்பார் தீந்துபோச்சு. இவன் ரசத்தத் தூக்கிட்டு வந்து, 'மேலநீலிதநல்லூர்ல ரசந்தான் மொதல்ல, அதான் எங்க வழக்கம்'னு சொல்லி ஊத்திட்டான். சாம்பார் கொதிக்கிற வரைக்கும் ஒரு பயலுக்கும் தெரியல."

அண்ணாச்சி வாயில் வைத்த கவளத்தோடு என்னையே பார்த்தார்.

"அடப்பாவி! அதான் எம் மருமவ இன்னைக்கு வரைக்கும் எனக்கு ரசத்த மொதல்ல ஊத்துதாளா! அது அவ வீட்டு வழக்கம்னுல்லா நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்!"

பந்தல் குலுங்கச் சிரிப்பு. அவர் சிரித்து முடிப்பதற்குள் இலையில் சாம்பார் விழுந்திருந்தது.

"ஏலே, கேக்காமலா ஊத்துன?"

"கேக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீய."

அவர் மறுபடி சிரித்தார். சோற்றைப் பிசைந்தார். "சரி, அந்த அவியல இங்கன கொண்டா" என்றார்.

அதற்கப்புறம் நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு மைமூனம்மாள், தன் மகள் கல்யாணத்தில் அடிபிடித்துப்போன பிரியாணிச் சட்டியைச் சம்பந்திகள் கண்ணில் படாமல் கோமதிசங்கர் ஒளித்துவைத்ததைச் சொன்னாள். முதல் பந்திக்காரர்களே கதை கேட்கத் திரும்பி வந்து, கூச்சப்படாமல் இரண்டாம் தடவை உட்கார்ந்தார்கள்.

எல்லாரும் போனபின் பார்த்தால், அண்டாவில் ஒரு பருக்கை இல்லை. மதினி உப்புமா கிண்டி எனக்கும் அவளுக்கும் இலை போட்டாள்.

"ஊரையே தின்னு தின்னுன்னு சொன்ன மனுசன், 'ஏட்டி, நீ சாப்ட்டியா'ன்னு என்னைய ஒரு நாள் கேட்டதில்ல, தெரியுமா?" என்று சொல்லிச் சிரித்தாள். வருஷம் முழுக்க அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவில்லை.

அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கினேன். வேணுமா என்று கேட்கவில்லை. அவள் இலையில் குவித்துப் போட்டேன். "போதும், போதும்" என்றாள். முழுவதையும் சாப்பிட்டாள்.